கள்ளன் சொல்லாமல் விட்டவை: ஒரு நாவலை மீண்டும் வாசித்தல்

கடந்த வருடம் மே மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இரவு எட்டு மணிக்கு நாங்கள் நான்கு பேர் சூமில் கூடி ஒரு கள்ளனின் கதையை வாசித்து வந்தோம். ரொறன்ரோவில் அப்போது காலை பத்தரை மணி. அங்கிருந்து வருபவன் என்னோடு ஒன்றாகப் படித்தவன். மட்டக்களப்பிலிருந்து வருபவர் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறார். நாங்கள் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவோம். புதுக்குடியிருப்பிலிருந்து வருபவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அக்கா. அயலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில ரியூசன் கொடுக்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் என் வீட்டு விறாந்தையில், வை-ஃபை கிடைக்கும் மூலையில் இருப்பேன்.

நாங்கள் வாசித்தது மேகன் வேலன் டேர்னர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘த தீஃப்’. பெயரின் நடுவில் வேலன் இருப்பதால் “எங்கட ஆள்தான்” என்பார் ரீச்சர். நாவல் 1996 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நியூபெரி கௌரவ விருது பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2000, 2006, 2010, 2017, 2020 ஆகிய ஆண்டுகளில் மேலும் ஐந்து நாவல்கள் வந்தன. ஆறு புத்தகங்கள் வர இருபத்துநான்கு வருடங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்ததால், இதன் வாசகர்கள் பெரும்பாலும் மீள்வாசகர்கள். அடுத்தது வரும்வரை முன்னையதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எங்களில் மூவர் முன்னரே வாசித்தவர்கள். அக்காவுக்கு மட்டும் இது முதல் தடவை. ரொறன்ரோ நண்பன் ஆறு புத்தகங்களையும் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். அக்காவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. 2009 ஏப்ரலில் ஷெல்லில் போனது. புத்தகத்தை மேசையில் விரித்து, ஒரு பக்கத்தில் அரிசி அளக்கும் சுண்டைப் பாரமாக வைத்து, இடது கையால் ஒற்றைகளைப் புரட்டி வாசிப்பார். அவரது அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையில் கதையின் முடிச்சுகளை அவிழ்க்கப் போகிறேன். முதலில் நாவலை வாசிக்க விரும்புபவர்கள் வாசித்துவிட்டு வரலாம். முதற் புத்தகம் அவ்வளவு பெரியதல்ல.

2006 இல் ஒரு புத்தகம்

இந்த நாவல் என்னிடம் 2004 இல் வந்தது. ஏ9 வீதி திறந்திருந்த காலம். கனடாவிலிருந்து வந்த மாமி ஒருவர், அங்குள்ள பாடசாலை நூலகமொன்று கழித்துவிட்ட புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்து தந்தார். அப்போது எனக்குப் பதின்நான்கு வயது. நாலு பக்கம் வாசித்து, ஆங்கிலம் விளங்காமல் வைத்துவிட்டேன்.

2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. யாழ்ப்பாணம் மறுபடியும் தீவாகியது. சீனிக்கும் மாவுக்கும் வரிசை. பின்னேரத்தில் ஊரடங்கு வந்துவிடும். வெளியே போக முடியாது, ரியூசன் இல்லை, மின்சாரம் நம்பமுடியாது. குப்பி விளக்குக்கு முன்னால் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முதல் தடவை முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. முடித்த இரவே முதற் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். அப்படிப் போக வைப்பதற்காகவே எழுதப்பட்ட நாவல் அது என்று அன்று எனக்குத் தெரியாது.

முதல் வாசிப்பு: என்ன நடக்கிறது?

கதை நடக்கும் உலகம் கற்பனையானது. ஆனால் நிலம் கிரேக்கத்தை ஒத்தது: ஒலிவ் மரங்கள், வெயில், கல்மலைகள். டேர்னர் கிரேக்கத்தில் பயணம் செய்து பார்த்த நிலக்காட்சியிலிருந்து இதை உருவாக்கினார். தெய்வங்கள் கிரேக்கத் தெய்வங்கள் போல இருந்தாலும் அவர் தானே புனைந்தவை. துப்பாக்கியும் உண்டு, வாளும் உண்டு. சூனிஸ், எடிஸ், அட்டோலியா என்று மூன்று சிறிய நாடுகள். இவற்றை விழுங்கக் காத்திருக்கும் மீட் என்ற பேரரசு கடலுக்கு அப்பால் இருக்கிறது.

ஜென் என்ற இளைஞன் சூனிஸ் அரசனின் சிறையில் கிடக்கிறான். எதையும் திருடுவேன் என்று வைன் கடையில் வாய்விட்டு, அரசனின் முத்திரையையே திருடி, அதை அதே கடையில் காட்டிப் பிடிபட்டவன். அரசனின் அறிஞரான மேகஸ் அவனை வெளியே எடுக்கிறார். ஹமியாதிஸின் கொடை என்று ஒரு கல் உண்டு. அதை வைத்திருப்பவருக்கே எடிஸின் அரியணை உரியது என்பது பழைய நம்பிக்கை. அந்தக் கல்லைத் திருடித் தர வேண்டும், இல்லாவிட்டால் சிறைதான்.

மேகஸ், சோபோஸ், அம்பியாடிஸ் என்ற இரு மாணவர்கள், போல் என்ற படைவீரர், இவர்களோடு ஜென் பயணம் போகிறான். வழியெல்லாம் முறைப்பாடுதான். சாப்பாடு காணாது, குதிரை கூடாது, உடம்பு நோகிறது. இடையிடையே மேகஸும் ஜென்னும் தெய்வக் கதைகள் சொல்கிறார்கள். கல் இருப்பதோ ஓர் ஆற்றின் அடியிலுள்ள கோயிலில். வருடத்தில் சில இரவுகள் மட்டுமே அந்த ஆறு வற்றும். மூன்று இரவுகள் ஜென் உள்ளே இறங்குகிறான். மூன்றாம் இரவில் கல்லை எடுத்து வருகிறான். பிறகு அட்டோலியாவின் வீரர்களோடு மோதல், கல் தொலைவு, துரோகம், சிறை, தப்பித்தல்.

கடைசியில் எடிஸ் அரசியின் முன்னால் நிற்கும்போதுதான் எங்களுக்கு உண்மை தெரிகிறது. ஜென் தெருக்கள்ளன் அல்ல. முழுப்பெயர் யூஜெனிடீஸ், எடிஸ் அரசியின் ஒன்றுவிட்ட சகோதரன், அந்த நாட்டின் அரசவைக் கள்ளன். கல் தொலையவே இல்லை. அவன் அதை மேகஸிடமிருந்து திரும்பத் திருடித் தன் தலைமயிர்ப் பின்னலுக்குள் மறைத்து வைத்திருந்தான். சிறைக்குப் போனதும் அவன் திட்டம்தான்.

இரண்டாம் வாசிப்பு: எப்படி மறைத்தான்?

இங்கேதான் இந்த நாவலின் உண்மையான வேலை தொடங்குகிறது. கதையைச் சொல்பவன் ஜென்தான், ‘நான்’ என்று சொல்கிறான். அவன் தலைக்குள்ளேயே இருந்த எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியாமல் போனது?

இலக்கியத் திறனாய்வில் இப்படிப்பட்டவரை ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்பார்கள். வெய்ன் பூத் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1961 இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் நம்பகமற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. சிலர் பொய் சொல்வார்கள். சிலர் தங்களையே ஏமாற்றுவார்கள். ஜென் எங்களுக்குச் சொல்வதில் பெரும்பாலானவை உண்மை. எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் அவன் கெட்டிக்காரன்.

இரண்டாம் தடவை வாசிக்கும்போது ஒவ்வொன்றாக எழும்பி வருகின்றன. தெய்வக் கதைகளை மேகஸ் சொல்லும் விதத்துக்கும் ஜென் சொல்லும் விதத்துக்கும் வேறுபாடு. இந்தக் கதைகள் அவனுக்குத் தாயிடமிருந்து வந்தவை. தாயின் கதை பிழை என்று மேகஸ் திருத்தப் பார்க்கிறார். அது மலைநாடான எடிஸில் பிறந்தவரின் வாய்மொழி என்பதை முதல் வாசிப்பில் நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. அதேபோல கள்ளர்களின் தெய்வத்தின் பெயர் யூஜெனிடீஸ் என்று கதைக்குள்ளேயே வருகிறது. ‘ஜென்’ அதன் சுருக்கம் என்பது எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது. சோபோஸ் வாள் பழகுவதை ஜென் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். பின்னர் மோதலில் அவன் வாளை எடுக்கும்போதுதான், பார்த்துக்கொண்டிருந்தவன் பழகியவன் என்று விளங்குகிறது.

முறைப்பாடுகளுக்கும் அதே நோக்கம்தான். பசி, நோ, அலுப்பு என்று ஒருவன் சதா புலம்பினால், அவன் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறான் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அவ்வளவு கதைப்பவன் எதையும் மறைப்பான் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்த இடத்தில் ரீச்சர் சிலப்பதிகாரத்தைக் கொண்டுவந்தார். மதுரையில் கோவலனைக் கள்ளன் என்று காவலருக்கு நம்பவைக்கப் பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை எடுத்துச் சொல்கிறான். கள்ளருக்குத் துணையாவன எட்டு என்கிறான். தெய்வம், இடம், காலம், கருவி எல்லாம் அதில் வரும். ஜென்னிடம் இவை யாவும் உண்டு. ஆனால் ரீச்சர் சொல்ல வந்தது வேறு. “அந்தக் காட்சியில் களவைப் பற்றி நுணுக்கமாக விளங்கப்படுத்துகிறவன்தான் உண்மையான கள்ளன். சிலம்பை எடுத்தவன் அவன். கதை சொல்கிறவனைத்தான் முதலில் சோதிக்க வேணும்.”

நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். ஒரு படத்தின் சட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதோடு எது வெட்டி வெளியே விடப்பட்டது என்றும் கேட்க வேண்டும் என்று முதலாம் வருடத்திலேயே படிப்பித்தார்கள். ஆனால் எனக்கு அது விளங்கியது இந்தப் புத்தகத்தால்தான். யுத்த காலத்துச் செய்திகளை நினைத்துப் பாருங்கள். ‘ஷெல் வீழ்ந்து பொதுமக்கள் பலி.’ இலக்கணப்படி பிழையில்லாத வசனம். ஷெல் தானாகவே வீழ்கிறது, மக்கள் தாமாகவே பலியாகிறார்கள். ஏவியவர் வசனத்தில் இல்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செய்தியை இரண்டாம் முறை வாசிக்கும் பழக்கம் உள்ளவர்தான் எழுவாய் எங்கே என்று தேடுவார்.

மூன்றாம் வாசிப்பு: ஏன் மறைத்தான்?

மூன்றாவது தடவையில் கேள்வி மாறுகிறது. எங்களிடம்கூட ஏன் மறைத்தான்?

ரொறன்ரோ நண்பனின் பதில்: ஜென்னுக்கு மறைப்பது ஒரு தந்திரம் அல்ல, உயிர்பிழைக்கும் வழி. எதிரி நாட்டு அரசனின் ஆட்களுக்கு நடுவே, அவர்கள் கொடுக்கும் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்களோடு படுத்தெழும்புகிறான். சேரிப் பேச்சு பேசுகிறான், முரடனாய்ச் சாப்பிடுகிறான். கடைசியில் எடிஸில் அந்தப் பேச்சு கழன்று அரசவை உச்சரிப்பு வரும்போது மேகஸே திகைத்துப்போகிறார். இத்தனை நாளும் ஒரு வார்த்தையில் நாக்குப் பிரண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

இதை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1983 ஜூலையில் வீதிகளில் வாகனங்களை மறித்து, வாளிக்கு உரிய சிங்களச் சொல்லான ‘பல்தியா’வைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் எழுத்தை எப்படி உச்சரித்தோம் என்பதில் உயிர் தங்கியிருந்தது. அந்தக் கதையை அம்மாவின் தலைமுறை எங்களுக்குச் சொல்லி வளர்த்தது. நான் கொழும்பில் படித்த காலத்தில் பஸ்ஸில் இருக்கும்போது அம்மாவின் தொலைபேசி வந்தால் எடுக்கமாட்டேன். எடுத்தாலும் ‘பிறகு எடுக்கிறன்’ என்பதை வாய்க்குள்ளேயே சொல்லி வைத்துவிடுவேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்பதே போதும்.

அதனால் ஜென் எங்களை ஏமாற்றியதற்கு எனக்கு அவன்மேல் கோபம் வந்ததில்லை. அந்நியரோடு இருக்கும்போது மனதுக்குள்கூட உண்மையை நினைக்காமல் இருக்கப் பழகினால்தான் முகத்தில் அது தெரியாது. வாசகரும் அவனுக்கு அந்நியரே.

அக்கா அன்று அதிகம் கதைக்கவில்லை. அட்டோலியாவின் அரசி முதற் புத்தகத்தில் கொஞ்ச நேரமே வருகிறாள், அவளைத் தாண்டிப் போகலாம் என்று நான் சொன்னபோது மட்டும், “இவவைச் சின்ன ஆள் எண்டு நினைக்காதேங்கோ” என்றார்.

வெட்டப்பட்ட கை

முதற் புத்தகம் முடிந்ததும் எனக்கு ஒரு கவலை பிடித்தது. இரண்டாம் புத்தகமான ‘த குயீன் ஒஃப் அட்டோலியா’வின் தொடக்கத்தில் ஜென் அட்டோலியாவின் அரண்மனையில் பிடிபடுகிறான். அரசி அவனுடைய வலது கையை வெட்டுவிக்கிறாள். கள்ளனுக்குக் கை போவது என்றால் எல்லாம் போவது. அந்தக் கையினால் எடிஸுக்கும் அட்டோலியாவுக்கும் இடையே யுத்தமும் தொடங்குகிறது.

மூவருக்கும் இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு வாசிப்பதா, சொல்லாமல் வாசிப்பதா, இந்தப் புத்தகத்தையே விட்டுவிடுவதா? இரண்டு ஞாயிறுகளை ஏதோ சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“எந்தக் கை?” என்று கேட்டார்.

“வலது.”

“முழங்கைக்கு மேலயோ, கீழயோ?”

“மணிக்கட்டடியில், அக்கா.”

“அப்ப பரவாயில்லை. முழங்கை இருந்தால் பை கொழுவலாம்.”

அடுத்த ஞாயிறு இரண்டாம் புத்தகத்தைத் தொடங்கினோம்.

இந்தப் புத்தகம் முதற் புத்தகத்தைப் போல ஜென்னின் வாயால் சொல்லப்படுவதில்லை. ‘அவன்’ என்று படர்க்கையில் போகிறது. ஏன் இந்த மாற்றம் என்று வாசகர்கள் பலவிதமாகச் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது, ‘நான்’ என்று சொல்லும் தெம்பு அவனிடம் இப்போது இல்லை. முதற் புத்தகத்தில் வாய் ஓயாமல் முறைப்பட்டவன், உண்மையாகவே வலிக்கும்போது மௌனமாகிறான். கெட்ட கனவுகளில் அலறி எழும்புகிறான். யாராவது பரிவோடு பார்த்தால் எரிந்து விழுகிறான். கைக்குப் பதிலாகக் கொக்கி பொருத்துகிறார்கள். இடது கையால் எழுதப் பழகுகிறான்.

அக்கா தன் இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழக எட்டு மாதம் எடுத்தார். எழுத்து வலப்பக்கமாகப் போகும்போது எழுதியதையே கை மறைக்கும். ஈரத்துணியால் துடைத்த பலகையில் எழுதினால் கையே அழித்துவிடும். “உந்த மனுசி இதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறா, இல்லாட்டி நல்லா யோசிச்சிருக்கிறா” என்றார். செயற்கைக் கை அக்காவிடமும் உண்டு. வெக்கையில் வார்ப்பட்டி அரிக்கும் என்று அதை அலுமாரியில் வைத்திருக்கிறார், கலியாணவீடுகளுக்கு மட்டும்.

அக்காவுக்குக் கோபம் வந்த இடம் நாங்கள் எதிர்பார்த்த இடம் அல்ல. கை வெட்டும் பக்கங்களைக் கடந்துவிட்டார். பிறகு ஓர் இடம் வருகிறது. மேகஸ் இரகசியமாக எடிஸுக்கு வந்து ஜென்னைச் சந்திக்கிறார். நாடு யுத்தத்தில் இருக்கிறது என்பது அவர் வாயால்தான் ஜென்னுக்குத் தெரியவருகிறது. அவனது காயத்தை முன்னிட்டு, அரசியும் தகப்பனும் அரண்மனையும் எல்லோரும் சேர்ந்து அவனிடம் அதை மறைத்திருந்தார்கள். மற்றவர்களை ஏமாற்றியே வாழ்ந்தவனை இப்போது அவன் சொந்த ஆட்கள் ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் அன்பினால்.

அக்கா அன்று சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றிப் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் ஒருவர். குடும்பம் உள்ளே நின்றது. பிறகு முகாமுக்கு வந்ததும் எல்லோரையும் கண்டார், தம்பியைத் தவிர. “அவன் வேற முகாமில நிக்கிறான்” என்றார்கள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் கழித்து, பக்கத்துக் கூடாரத்துச் சின்னப் பிள்ளை ஒன்று வாய்தவறிச் சொல்லித்தான் தம்பி இல்லை என்பது தெரிந்தது.

“எனக்கு நோகக்கூடாதெண்டுதான் மறைச்சவை. எனக்கு விளங்குது. ஆனா எல்லாரும் அழுது முடிச்ச பிறகு நான் தனிய அழுதனான்.”

சூமில் சற்று நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. நான் தள்ளிப்போட்ட அந்த இரண்டு ஞாயிறுகளை நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமா, நல்லிணக்கமா?

இரண்டாம் புத்தகத்தின் முடிவில்தான் எங்கள் பெரிய சண்டை வந்தது. யுத்தத்தை முடிக்க ஜென் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். அட்டோலியாவின் அரசியையே திருடுகிறான். திருடி, அவளிடம் தன்னை மணம் முடிக்கக் கேட்கிறான். தன் கையை வெட்டியவளை அவன் நேசிக்கிறான் என்பது தெரியவருகிறது. அவளும் கடைசியில் சம்மதிக்கிறாள்.

ரொறன்ரோ நண்பனுக்கு இது கொஞ்சமும் ஏறவில்லை. “வெட்டினவளையே கட்டுறதெண்டால், வெட்டினது பிழையில்லை எண்டுதானே அர்த்தம்? எங்களுக்கும் உதைத்தானே பதினைஞ்சு வருசமாச் சொல்லுறாங்கள். மறவுங்கோ, மன்னியுங்கோ, ஒண்டாய் இருங்கோ.” ரீச்சர் அதை அரசியலாகப் பார்த்தார். மீட் பேரரசு கரையில் இறங்கி நிற்கும்போது, சிறிய நாடுகள் தங்களுக்குள் அடிபட்டு அழிவதைவிட இது மேல் என்று கதை கணக்குப் போடுகிறது என்றார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். பதினாறு வயதில் முதற் புத்தகத்தை எடுத்து வாசித்த எனக்கு, இரண்டாவது கைக்கு வந்தபோது இந்தக் காதல் அழகாகத் தெரிந்தது. இப்போது வாசிக்கும்போது அவ்வளவு இலகுவாக விழுங்க முடியவில்லை.

அக்கா கேட்டார்: “அவள் வெட்டினதை எப்பவாவது இல்லையெண்டு சொன்னவளோ?”

திரும்பப் போய்த் தேடினோம். இல்லை. அட்டோலியா தான் செய்ததை மறுப்பதில்லை. வேறு யாரோ செய்தார்கள் என்பதில்லை, நடக்கவே இல்லை என்பதில்லை. அது அவளையும் விட்டுப் போவதில்லை. ஜென்னும் அவளுக்குப் பயப்படுவதை மறைப்பதில்லை. நேசிக்கிறான், பயப்படுகிறான், இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அடுத்த புத்தகங்களிலும் அந்தக் கொக்கி அவன் கையில் எல்லோருக்கும் தெரியத்தான் இருக்கிறது. இன்னொன்று, கேட்டவன் ஜென். கை இழந்தவன், தன் நேரத்தில், தன் நிபந்தனையோடு, பலமுள்ள இடத்தில் நின்று கேட்டான். யாரும் அவனிடம் போய் மறந்துவிடு என்று சொல்லவில்லை.

இங்கே 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் வீதிக்கு வந்த உறவுகள் கேட்டது மிக எளிமையானது: எங்கே, யார் கொண்டுபோனது. நாவலில் கல்யாணத்துக்கு முன்னால் நடக்கும் அந்த ஒப்புக்கொள்ளல்தான் எங்களிடம் இன்னும் நடக்கவில்லை. நண்பன் இதற்குப் பிறகும் தன் நிலைப்பாட்டை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் மறதியைப் போதிக்கிறது என்று அவன் அதன்பிறகு சொல்லவில்லை.

மூன்றாம் புத்தகத்துக்கு முன்

மூன்றாம் நாவலான ‘த கிங் ஒஃப் அட்டோலியா’ அரசனை அடித்துவிட்ட கொஸ்டிஸ் என்ற காவல் வீரனின் கண்களால் சொல்லப்படுகிறது. ஜென் இப்போது அரசன். அரசவை அவனை உதவாக்கரை என்று சிரிக்கிறது. கொஸ்டிஸும் அப்படித்தான் நினைக்கிறான். ஆனால் நாங்கள் இரண்டு புத்தகம் பழகியவர்கள். அவன் தூங்கிவிழுந்தாலும் உளறினாலும் இப்போது நம்பமாட்டோம். ஒரு மனிதனை அறிந்தபின் அவனை அறியாதவரின் கண்ணால் பார்க்க வைக்கிறார் டேர்னர். முதற் புத்தகம் எங்களுக்குச் செய்ததை இது கொஸ்டிஸுக்குச் செய்கிறது.

இதை நான் அன்று ஆர்வத்தோடு அக்காவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்தார்.

“பிள்ளை, நான் ஆறையும் எப்பவோ முடிச்சிட்டன்.”

பார்சல் வந்த மாதமே தொடங்கி, பிள்ளைகள் ரியூசனுக்கு வரமுதல், மத்தியானம் சமைத்து இறக்கிவிட்டு, சுண்டைப் பாரமாக வைத்து ஒவ்வொன்றாக முடித்திருக்கிறார். நாங்கள் முதற் புத்தகத்தின் நடுவில் நின்றபோதே அவர் கடைசிப் புத்தகத்தில் நின்றிருக்கிறார். அட்டோலியாவைச் சின்ன ஆள் என்று நினைக்காதேங்கோ என்றது அதனால்தான். அப்படியென்றால் நான் அன்று நடுங்கிக்கொண்டு தொலைபேசி எடுத்தபோது?

“தெரியும். நீங்கள் சொல்லுறீங்களோ, மறைக்கிறீங்களோ எண்டு பாத்தனான்.”

“அக்கா, எங்களை ஏமாத்திப்போட்டியள்!”

“நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையே. வாசிச்சிட்டீங்களோ எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை.”

இனி ஞாயிறுகளில் நான்கு பேரும் மீள்வாசகர்கள். வருகிற கிழமை முதற் புத்தகத்தின் முதற் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறோம். இந்தமுறை கேள்விகளை அக்கா தயாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.